கோடிச் சேலைக்குப் பதில் ஒரு தூண்டில் ராடு

அன்பு மாப்ளே தேவராஜு,

எண்ணூர் முகத்துவாரத்தைச் சாட்சியாக வைத்து, சாம்பல் கலந்த அதன் காற்றை மூக்கு நிறைய இழுத்து, இதோ சத்தியம் செய்கிறேன். இந்தக் கடிதத்தில் வரும் கதையை உயிரோடு இருக்கிற ஒருவரும் நம்பமாட்டார்கள். அதனால்தான் செத்துப்போன உனக்கு எழுதுகிறேன். உன்னால் குறுக்கே பேச முடியாது என்பது கூடுதல் வசதி.

முதலில் உன் சாவு. கொடுவா மீனோடு விடிய விடிய மல்லுக்கட்டியதாகத் திருவொற்றியூர் முழுக்க அளந்தவன் நீ. உன்னை மாரடைப்பு ஒரே இழுப்பில் கரையேற்றிவிட்டது. ஒரு துள்ளல்கூட இல்லையாமே? டீக்கடைக்காரர் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார், உனக்காக இல்லை, நீ பாதியில் வைத்துவிட்டுப் போன டீக்காக.

நீ ஐஸ் பெட்டிக்குள் மாலையோடு கிடந்தபோது என்ன நடந்தது என்று சொல்லட்டுமா? உன் அண்ணன் பலராமன் வந்தார். பெட்டியைக் கட்டிக்கொண்டு கதறிய கதறலில் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பதிலுக்குச் சங்கு ஊதின. கண்ணைத் துடைத்தபடி உள்ளறைக்குப் போனவர், திரும்பும்போது உன் தூண்டில் ராடோடு வந்தார்.

"தம்பி ஞாபகமா என்னாண்ட இருக்கட்டும்மா" என்றார் என் தங்கச்சி செல்வியிடம். நீ சுடுகாட்டுக்குக் கிளம்பும் முன்னே உன் ராடு அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

செல்வி ஒன்றே ஒன்று கேட்டாள். "மாமா, பாலத்தாண்ட அவரு குந்துற கல்லு கீதே, அதுல நான் போய் குந்திக்கினு மீன் புடிக்கலாம்னு கீறேன்."

"அது எங்க அண்ணன் தம்பி எடம்மா. பொம்பள கால் பட்டா மீனு ஓடிப்பூடும்."

யாருடைய வசனம் இது, தெரிகிறதா? கல்யாணமான நாளாக அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் "நானும் வரேன்யா" என்பாள். நீ இதையே சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுவாய். நீ செத்துவிட்டாய், உன் வசனம் மட்டும் இன்னொரு வாயில் உயிரோடு இருக்கிறது.

கருமாதிக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை கொண்டுவந்து போடவேண்டும். புருஷன் போனவளுக்குப் பொறந்தவன் தரும் பரிசு! நானும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்போது போன் வந்தது.

"அண்ணே, சேலை வோணாம். அந்தக் காசுல ஒரு ராடு வாங்கிக் குடு. ரப்பர் புழு போட்டு கொடுவா புடிக்கிறாங்களே, அந்த ராடு."

"இன்னாம்மா, தூங்கலயா நீ?"

"நல்லாத்தான் தூங்கினேன். அந்தாளு கொறட்டை இல்லாம."

இதை உனக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன்.

அவளையும் கூட்டிக்கொண்டு போன ராயபுரத்துக் கடையில் கடைக்காரர் எடுத்த எடுப்பில் கொடிக்கம்பம் மாதிரி ஒன்றை நீட்டினார். "இது சுறாவையே தூக்கும்ண்ணே. வெலயும் கம்மி." எனக்கு ஆசை வந்துவிட்டது. அந்த விலைக்கு இவ்வளவு தடிமன் வேறு எங்கே கிடைக்கும்?

"இதத்தான் அவரும் வாங்கினாரு. எந்தச் சுறா வூட்டுக்கு வந்துச்சு?" என்றாள் உன் பெண்டாட்டி.

மாப்ளே, நீ கூடத்தில் உட்கார்ந்து சிநேகிதர்களுக்குப் போனில் செய்த உபதேசம் எல்லாவற்றையும் அவள் அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறாள். ரப்பர் புழு எடை இல்லாதது. கொடுவா அதை மெதுவாக உறிஞ்சிப் பார்க்கும், ரப்பர் என்று தெரிந்தால் துப்பிவிடும். அந்த ஒரு தட்டல் கைக்கு வந்து சேரவேண்டும். அதனால் முனை மெத்தென்று இருக்கவேண்டும், நடுப்பகுதி விறைப்பாக இருக்கவேண்டும், இல்லையென்றால் மாட்டிய மீன் பாலத்துத் தூணைச் சுற்றித் தூண்டில் நரம்பை அறுத்துவிடும். நீளம் ஏழடி போதும். மலிவு ராடில் கோளாறு, நரம்பு ஓடும் வளையத்துச் சொரசொரப்பில்தான் ஒளிந்திருக்கும். எல்லாம் சரியான உபதேசம். உபதேசித்தவன் வாங்கியது மட்டும் கொடிக்கம்பம். ஏன் மாப்ளே? கடைக்காரர் முன்னால் தடியானதைக் கேட்டால்தான் ஆம்பளை என்று நினைத்தாயா?

கருமாதி விளக்குக்கு வாங்கிய பஞ்சு அவள் பையில் இருந்தது. அதில் கொஞ்சம் பிய்த்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் உருவினாள். பஞ்சு இழை சிக்கிய ராடை எல்லாம் ஓரம் கட்டினாள். சிக்காத ஒன்றைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு, "அண்ணே, முனையில நகத்தால சொரண்டு" என்றாள்.

சுரண்டினேன். "தெரியுது" என்றாள். ஊதினேன். "வெத்தலை போட்டியா?" என்றாள். ஓர் எறும்பை எடுத்து முனையில் விட்டேன். "நொண்டி எறும்பு" என்றாள்.

"யாருக்குண்ணே, பையனுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இல்ல, வூட்டுக்காரரு கருமாதிக்கு" என்றாள் செல்வி. மனுஷன் மயங்கிக் கல்லாப் பெட்டிமேல் விழுந்தார்.

கருமாதியில் தட்டை நீட்டினேன். பழம், தேங்காய், நடுவில் ராடு. மாதவரத்து அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "இன்னாடி கூத்து இது? அவன் மானத்த வாங்கறியே!"

"சேலை கட்டிக்கினா அவரு எழுந்து வந்துருவாரா அத்தை? வந்தா சொல்லு, இப்பவே கட்டறேன்."

அடுத்த ஞாயிறு பாலத்தடிக்குப் போனோம். உன் கல்லில் உன் அண்ணன், கையில் உன் கொடிக்கம்பம். "பால் தெளிச்ச ஈரம் காயல, வந்துட்டியா?" என்றார். செல்வி முழங்கால் தண்ணீரில் இறங்கி ராடை வீசினாள்.

பிறகு நடந்ததைக் கேள். அவள் மணிக்கட்டைச் சுண்டியதும் முகத்துவாரமே எழுந்து நின்றது. கொடுவா, மாப்ளே! ஷேர் ஆட்டோ அளவு, நிறுத்தம் நிறுத்தமாக நின்று ஆள் ஏற்றலாம். அது இழுத்த இழுப்பில் வள்ளூர் அனல்மின் நிலையப் புகைபோக்கி ஒரு பக்கம் சாய்ந்தது. வாலைச் சுழற்றி ஒரே அறை. உன் அண்ணன் பறந்துபோய்ச் சேற்றில் தலைகீழாக நட்டுக்கொண்டார், காலில் காக்கா உட்கார்ந்தது. நீ பிடித்ததாகச் சொன்ன மீன்களை எல்லாம் ஒன்றாகத் தைத்தாலும் அதன் செவுளுக்குக் காணாது.

நீ ஏன் ஒருநாள்கூட அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை? தோற்றுவிடுவாய் என்று உனக்கு அப்போதே தெரியுமா?

சரி. மீன் மாட்டவில்லை. அன்று முழுக்க ஒரு கெளுத்தி கூட மாட்டவில்லை. கடைக்காரர் மயங்கவில்லை, எறும்புக்கு எல்லாக் காலும் ஒழுங்காகவே இருந்தன, பலராமன் சேற்றில் விழவில்லை. தாகம் தாங்காமல் சோடா குடிக்கப் போனார், அவ்வளவுதான். அந்த இடைவெளியில் செல்வி கல்லில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்து தலைக்குமேல் நின்றவரை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மாமா, அப்டிக்கா நில்லுங்க. ஆம்பள நெழலு பட்டா மீனு ஓடிப்பூடும்."

இந்தச் சின்ன விஷயம் மட்டும் நிஜம். அவர் நகர்ந்து நின்றார் என்பதும்.

வாக்குத் தருகிறேன் மாப்ளே. அவள் கொடுவா பிடிக்கிற நாளில் நடுத்துண்டு அவளுக்கு, தலை எனக்கு. உன் படத்துக்கு முன்னால் முள்ளை வைப்பேன், ஒன்று குறையாமல்.

உன் பெண்டாட்டியின் அண்ணன்,
உன்னை ஒருநாளும் சும்மா விடாத மச்சான்,
துரை