ஊறாத கரி

பிப்ரவரி 3, செவ்வாய். பவானிபூர்.

காலையில் கடை திறந்ததுமே சுந்தரவனத்து மிளகாய் விவசாயி நிதாய்தா வந்து நின்றார். இங்கே அண்ணனைத் தாதா என்பார்கள்; நான் அவருக்கு, அவர் எனக்கு. கையில் மஞ்சளாய் வெளுத்த செடி ஒன்று.

"தாதா, உங்க கரி மண்ணோட உப்பை அடக்கும்னு சொன்னீங்க. செடியைத்தான் தின்னுது."

அது உமியைச் சுட்டுச் செய்த கரி. உப்பேறிய மண்ணைப் பொலபொலவென்று ஆக்கும். ஆனால் சாணக் கரைசலில் சில வாரம் ஊறப்போடாமல் இட்டால், மண்ணில் இருக்கிற சத்தை அதுவே முதலில் இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு மூட்டைக்கும் இதைச் சொல்லித்தான் விற்கிறேன்.

"சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. இந்தத் தடவை மழை விடவேயில்ல, வயல் காயவே லேட்டு. ஊறட்டும்னு உட்கார்ந்திருந்தா வெயில் வந்து உப்பு மேல ஏறிடும். கரிக்கு நேரம் இருக்கு, எனக்கு எங்க இருக்கு?"

சாணத் தண்ணீரை வேரில் ஊற்றிப் பார்க்கச் சொன்னேன். இனி கரியை ஊறவைத்தே விற்கலாம். ஆனால் கிடங்குக்கு மேல் குடியிருக்கும் அம்மா, நாங்கள் பௌதி (அண்ணி) என்று கூப்பிடுகிறவர், நாற்றத்துக்குச் சண்டைக்கு வருவார். வேறு இடம் பார்க்க வேண்டும்.

கிளம்பும்போது, மிளகாய் போய்விட்டது என்று மகன் சென்னையில் கட்டட வேலைக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டான், செடி தேறுமென்றால் ரத்து செய்யச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

"டிக்கெட் இருக்கட்டும்."

"உங்க ஊர் வெயில் தாங்குவானா?"

"நான் தாங்காமத்தான் இங்க வந்தேன்."

சிரித்துவிட்டுப் போனார். செடியை மேசையிலேயே விட்டுவிட்டார். கடை சாத்தும்போதுதான் எடுத்துப் பார்த்தேன். வேர் வெள்ளையாக, நன்றாகத்தான் இருக்கிறது. செடி தேறிவிடும்.

பையனுக்கு ரயில் என்றைக்கு என்று நான் கேட்கவில்லை.