சந்திரன் வேலை கேட்டு வந்தான்

12 ஆகஸ்ட் 1986, செவ்வாய்

சந்திரன் தாய்லாந்திலிருந்து திரும்பிவிட்டான். இன்று மாலை என்னைத் தேடித் செம்பனைத் தோட்டத்து ஆபீசுக்கே வந்தான். அவன் அங்கே ஆடிய கால்பந்து கிளப் இப்போது இல்லை. ஹட்யாயில் ஒரு டின் மீன் கம்பெனி நடத்திய குழு அது. அவன் இருந்த ஆறு வருடத்தில் இரண்டு கோப்பை வாங்கியது.

“முதலாளி செத்துட்டாரு. மகனுக்குப் பந்து பிடிக்காது. ஒருநாள் காலையில எல்லாரையும் கூப்பிட்டு, கிளப்பு முடிஞ்சுதுன்னுட்டான் லா,” என்றான்.

வருத்தப்படுவது போல் முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் மனம் குளிர்ந்தது.

அந்தக் கம்பெனி ஆள் ஆள் எடுக்க எங்கள் தோட்டத்து ஆட்டத்தைப் பார்க்க வந்த அன்று எனக்குக் காய்ச்சல். என் இடத்தில் இறங்கிய சந்திரன் இரண்டு கோல் போட்டான். அவனைக் கூட்டிப்போய்விட்டார்கள். நான் இந்த ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஆனேன். தாய்லாந்துப் பேப்பரில் வந்த அவன் படத்தை என் மனைவியே வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டினாள்.

“நம்ம தோட்டத்து எண்ணெ மில்லுல ஏதாச்சும் வேல இருக்கா, மச்சான்?”

“இப்ப ஒண்ணும் காலி இல்ல,” என்றேன்.

“பரவால்ல,” என்று சைக்கிளை எடுத்தவன், “அன்னிக்கு நீ ஆடியிருந்தா உன்னத்தான் எடுத்திருப்பாங்க. அங்க எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்லுவேன்,” என்றான்.

ஆறு வருடமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை. கேட்ட பிறகும் அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை.

மில்லில் இரண்டு இடம் காலி. நாளை மானேஜர் என்னிடம்தான் ஆள் கேட்பார். சந்திரன் பெயரைச் சொன்னால் தோட்டமே மறுபடியும் அவன் பின்னால் போய் நிற்கும். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இப்போதே வரவில்லை.