மாடி வீட்டுக்குப் பேசிய பேச்சு

கண்ணம்மா,

முதலில் பார்த்த வீட்டை விட்டுவிட்டு உனக்கு வேறு வீடு பிடித்திருக்கிறேன். தப்பு என்னுடையது. யாரைப் பார்த்தாலும் விசிட்டிங் கார்டை நீட்டுகிற வியாபாரப் புத்தி, வீட்டு புரோக்கரிடமும் நீட்டித் தொலைத்தேன். அவர் நம் கடைக்குப் போன் செய்தார். கல்லாப் பக்கம் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எடுத்துவிட்டார். "என்ன மாமா, யாருக்கு வீடு?" என்று சிரித்தார். "சரக்கு வைக்க" என்றேன். வாயாலேயே பிழைத்தவன் சொன்ன அந்தப் பொய்யை அவர் நம்பவில்லை. அதிலிருந்து தினமும் கடைக்கு வருகிறார்.

கை இப்போது மடங்குகிறதா? நீ வழுக்கி விழுந்ததாகவே அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

புது வீடு இரண்டாவது மாடி. கீழே குடியிருக்கும் தையல்கார அம்மாதான் சொந்தக்காரி. "எல்லாரும் குழாயைத் திறந்து பாப்பாங்க, நீங்க என்னங்க பூட்டையே ஆட்டிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார். "என் பொண்ணு தனியா இருப்பா" என்றேன். என் முகத்தையே பார்த்தவர், "மாப்பிள்ளை போட்டோ இருந்தா காட்டுங்க, ஆள் தெரியணும்ல" என்றார். காட்டினேன். கார்டு கொடுக்கவில்லை.

கடிதம் கொண்டுவரும் உன் ஆபீஸ் தோழிக்கு விலாசம் தெரியும். படித்ததும் கிழித்துப் போடு. வெள்ளிக்கிழமை வேலைக்குப் போவதுபோலக் கிளம்பி நேரே அங்கே போய்விடு. பெட்டியெல்லாம் வேண்டாம்.

வாடகைக்குப் பேரம் பேசவில்லை, அவர் கேட்டதற்குத் தலையாட்டினேன். பேசி முடித்தது இதுதான்: பதினோரு மாதம். கதவில் பெயர் எழுதுவதில்லை. மாப்பிள்ளை என்னையும் இழுத்துக்கொண்டு வந்து, நானே கீழே நின்று உன்னைக் கூப்பிட்டாலும், கேட்டைத் திறக்கக்கூடாது.

அப்பா