ஆஷ்லியின் கைராசி

என்னங்க,

ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். தோசை மாவு பிரிட்ஜில் இருக்கிறது. ஆஷ்லியை எழுப்பிச் சாப்பிட வையுங்கள்.

போனில் ஆடும் கார்டு கேமுக்கு மாதக்கணக்காக வியூகம் வகுக்கிறீர்கள். அதில் காசு கொடுத்து வாங்கிய கார்டு பாக்கெட்டைத் திறக்க மட்டும் பிள்ளையின் விரல் வேண்டும், கைராசியாம். சனிக்கிழமை அவள் திறந்ததில் டிராகன் கார்டு வரவில்லை என்றதும், "உன் ராசி அவ்ளோதான் போ" என்றீர்கள். நேற்று பள்ளியில் எல்லாரும் விதை போட்டபோது இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாளாம். "நான் போட்டா மொளைக்காது மிஸ்."

மேசையில் வெந்தயம் ஊறுகிறது. பால்கனித் தொட்டியில் அவள் கையாலேயே போடச் சொல்லுங்கள்.

ஸ்டெல்லா

பி.கு.: அடுத்த பாக்கெட்டை உங்கள் விரலாலேயே திறங்கள்.

இன்னொன்று: வெந்தயம் முளைத்ததும் அவளைக் கூப்பிட்டுக் காட்டவேண்டியது நீங்கள்தான். நான் காட்டினால் நம்பமாட்டாள். ராசியில்லை என்று சொன்னது அப்பா.