கொள்ளிடத்தில் பிடுங்கிய கழி

20 ஏப்ரல் 2025, ஞாயிறு

சனிக்கிழமை உரைக்கான தொடக்கம்: "கொள்ளிடக் கரைவாழ் பெருமக்களே, மணலை அள்ளிச் சென்றோர் நம் ஆற்றில் சாவுக்குழிகளை விட்டுச் சென்றிருக்கிறார்கள். மூடப்போவது யார்?"

இன்று விடியலில் நண்பர் ஜெகபர் அலியும் நானும் பாபநாசத்துக்கு வடக்கே ஆற்றில் இறங்கி, நாணற்காடு மண்டிய நடுத்திட்டு வரை நடந்தோம். பன்னிரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் இதே வழக்கம். வழியில் ஒரு குழி. விளிம்பு கெட்டித் தரைபோல் தோன்றும். உள்ளே குடைந்து கிடக்கிறது. ஆடு மேய்க்கும் ராமாயி அங்கே மூங்கில் கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார். இந்தக் காட்டில் அவர் கழிகளே எங்களுக்கு வழிகாட்டி.

"மாறன், ஒங்க மேடைப் பேச்சவிட இந்தம்மா கழி நல்லாப் பேசுது," என்றார் அலி. சிரித்தேன்.

26 ஏப்ரல், சனி

காலையில் தனியே சென்று அந்தக் கழியைப் பிடுங்கி வந்தேன். மாலை மேடையில் உயர்த்திக் காட்டி, "அரசு நடாத கழியை ஓர் ஆயர்மகள் நட்டாள்" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

நாளை நடைக்குப் போகையில் மீண்டும் நட்டுவிட வேண்டும்.

27 ஏப்ரல், ஞாயிறு

திருவிடைமருதூரில் எதிர்பாராத கூட்டம். "இன்று நீங்கள் மட்டும் போய்வாருங்கள்" என்று அலியிடம் அலைபேசியில் சொன்னேன். கழியைப் பற்றிச் சொல்லவில்லை. மறந்துதான் போனேன் — மறந்தேனா?

பத்து மணிக்குச் செய்தி வந்தது. அந்த விளிம்பு இடிந்து அலி —

எழுத முடியல.

4 மே

அலிக்கு இரங்கல் கூட்டம். ஒரு மணி நேரம் முழங்கினேன். எல்லாரையும் குற்றஞ்சாட்டினேன், ஒருவனைத் தவிர.

மேடையைவிட்டு இறங்கியபோது ராமாயி வந்தார். "என் கழிய யாருங்கய்யா புடுங்குனது? ஆடு முட்டுனாலும் சாயாத மாதிரில்ல நட்டிருந்தேன். அன்னிலேந்து அந்தப் பக்கம் போவவே மனசு வரல."



11 மே

அலியின் மனைவி ஆசியாவிடம் சொல்லிவிட்டேன். கணவரை இழந்தவர்கள் தனித்திருக்கும் இத்தாவில் இருப்பதால் கதவுக்குப் பின்னிருந்தே கேட்டார். வசைக்காகக் காத்திருந்தேன்.

"அந்தக் கழி இப்ப எங்கண்ணே இருக்கு?"

"என் வீட்டில், அம்மா. நூலடுக்கின் பக்கத்தில்."

"அப்ப பதினஞ்சு நாளா அந்தக் குழி அப்படியேவா கெடக்கு?"

"ஆமாம், அம்மா."

"இங்க ஏன் நிக்கிறீங்க? மொதல்ல போய் அத நட்டுட்டு வாங்க."