பொத்தான் கடைப் பாடகி

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியமாக இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மருமகளும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைக் கையில் எடுத்தேன். பேத்தி முன்பல் விழுந்து சிரிக்கிற போட்டோவை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன், உங்கள் அப்பா தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அதற்குப் பதில் சிரிப்பு சிரித்துவிட்டு வருகிறார், அவருக்கும் முன்பல் இல்லை என்பதால் ஜோடி நன்றாகவே இருக்கிறது. மாடியில் புதிதாகக் குடிவந்தவர் டிரம்பெட் பழகுகிறார். அப்பா இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் கூப்பிட்டு அவர் எழுந்து வராவிட்டால் பழியைப் பஞ்சின் மேல் போட்டுவிடலாம் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து டிரம்பெட்காரரை அவர் ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆபீஸ் பக்கத்துப் பழைய சாமான் கடையில் பாடகி சிட்டுவின் ரெக்கார்டு கிடைத்தது, நான் உன்னைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே பாடுவேனே அந்த பஸ் பாட்டு, என் எழுபதாவது பிறந்தநாளுக்கு வாங்கினாய், ஆனால் ரெக்கார்டில் ஏதோ கோளாறு, குரல் ஆடுகிறது, திருப்பிக் கொடுத்துவிட்டு நல்லதாகத் தேடுகிறேன் என்று போனில் சொன்னாய். நான் கொடுக்காதே கொடுக்காதே என்று கத்திவிட்டு, காரணம் கேட்டதற்குக் கடிதம் போடுகிறேன் என்று வைத்துவிட்டேன். நீ பயந்திருப்பாய். எனக்கு ஒன்றுமில்லையடா, ஆனால் இதைப் போனில் சொல்ல வராது, நான் ஒன்று சொன்னால் உங்கள் அப்பா பக்கத்தில் நின்று பஞ்சையும் எடுத்துவிட்டு ஒன்பது சொல்வார். அந்தக் குரலை ஆட வைத்தவளே உன் அம்மாதான். ஐம்பது வருடத்துக்கு மேல் வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்த விஷயம் இது, பொறுமையாகப் படி.

கல்யாணத்துக்கு முன் நான் இசைத்தட்டு ஃபேக்டரியில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். என்ன வேலை என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஒரு நீள அறை, சுவரைப் பார்த்து ஆறு மேஜை, மேஜைக்கு ஒரு விளக்கு, ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு காதுக்கு மட்டும் மாட்டுகிற ஹெட்போன். மெஷினிலிருந்து வரும் தட்டுகளை விளக்கின் கீழ் சாய்த்துக் கீறல் பார்க்க வேண்டும், இருபதுக்கு ஒன்றை முள் வைத்து முழுதாகக் கேட்க வேண்டும், சரியாக இருந்தால் உள்ளுறையின் மூலையில் சிவப்பு மையில் நம் எண்ணைக் குத்த வேண்டும். என் எண் ஏழு. நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு இடது காது பழுத்துவிடும். சாயங்கால பஸ்ஸில் ஒரு காது மட்டும் சிவந்த பெண்கள் ஏறினால் கண்டக்டரே ஃபேக்டரி விட்டாச்சா என்று கேட்பார். மிட்டாய்க் கடைக்காரனுக்கு மிட்டாய் கசக்கும் என்பார்களே, அப்படித்தான் எங்களுக்குப் பாட்டு. எத்தனை பெரிய பாடகர் பாடினாலும் எங்களுக்கு அது கீறல் உண்டா இல்லையா என்கிற சமாச்சாரம்தான்.

அந்தச் சமயத்தில்தான் சிட்டுவின் தட்டு வந்தது. பதினெட்டு வயசுப் பெண், காதுக்கு மேலே வெட்டிய முடி, முட்டி வரைக்கும் கவுன், பின்னால் கிட்டார் வாசிக்க நாலு பையன்கள். கம்பெனிக்காரர்களுக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது, முதல் தடவை முந்நூறு தட்டுதான் போட்டார்கள். அந்த முந்நூறும் என் மேஜைக்கு வந்தது. பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெண், தவறவிட்டதே நல்லதாகப் போயிற்று என்று பாடுகிற பாட்டு. அந்த முந்நூறிலும் நடு ஓட்டை ஒரு நகக்கண் அளவு தள்ளி விழுந்திருந்தது. ஓட்டை தள்ளினால் தட்டு கோணலாகச் சுற்றும், கோணலாகச் சுற்றினால் குரல் மேலே போய்க் கீழே வரும், எங்கள் பாஷையில் அதற்கு ஆட்டம் என்று பெயர். ஆட்டம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிட வேண்டும். நான் முந்நூறுக்கும் ஏழு குத்தி அனுப்பிவிட்டேன்.

மறுநாளே பிடிபட்டுவிட்டது. எங்கள் மேற்பார்வையாளரைத் தும்மல்காரர் என்று சொல்லுவோம், தட்டுத் தூசி அவருக்கு ஆகாது. அவர் வந்து கேட்டபோது கண் அசந்துவிட்டது சார் என்று சொன்னேன். அதற்குள் தட்டுகள் ரேடியோ நிலையத்துக்கும் கடைகளுக்கும் போய்விட்டன. எனக்குச் சீட்டு கிழிந்தது என்று நினைத்து டிபன் டப்பாவைக் கூடப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் நடந்தது வேறு. ரேடியோவில் பாட்டு வந்ததும் ஊரே பைத்தியமாகிவிட்டது, அந்தக் குரலின் ஊஞ்சல் போல எங்கே கேட்டோம் என்று அறிவிப்பாளர் உருகுகிறார், கடை திறக்கும் முன்னே வரிசை. ஓட்டையைச் சரிசெய்து அடுத்து அனுப்பிய நல்ல தட்டுகளை எல்லாம் ஜனங்கள் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள், இதில் குரல் ஆடவில்லை, போலி என்று. கடைசியில் கம்பெனியே மெஷின்காரரிடம் ஓட்டையைப் பழையபடி தள்ளிப் போடச் சொல்லிவிட்டது. தும்மல்காரர் என் மேஜை முன்னால் வந்து நின்று, திட்டவும் வழியில்லாமல் பாராட்டவும் மனசில்லாமல் மூன்று தும்மல் தும்மிவிட்டுப் போனார்.

இதுவரை சிரிப்புதான். அந்த வருடக் கடைசியில் சிட்டு எங்கள் ஊர் டவுன் ஹாலில் பாட வந்தாள். நாங்கள் ஆறு மேஜைக்காரிகளும் போயிருந்தோம், நான் ஐந்தாவது வரிசை. வந்து நின்று அந்தப் பெண் பஸ் பாட்டைத் தன் சொந்தக் குரலில், நேராகப் பாடினாள். முதல் வரி முடியவில்லை, பின்னாலிருந்து ஒருவன் ஆட்டிப் பாடு என்று கத்தினான், பிறகு ஹால் முழுக்க ஆட்டு ஆட்டு என்று கைதட்டல். அவள் நிறுத்திவிட்டாள். கிட்டார் பையன்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தொண்டையை ஆட்டி ஆட்டி, தட்டில் இருக்கிற மாதிரியே பாடினாள். அந்த முகத்தை நான் பார்த்தேன். இரண்டு வருடம் அப்படியே பாடினாள், பிறகு காணவில்லை. ஜனங்கள் அடுத்தவளுக்குப் போய்விட்டார்கள், இன்று சிட்டு என்று சொன்னால் பறவையா என்று கேட்பார்கள். நான் மட்டும் மறக்கவில்லை. ஒரு பெண்ணின் குரலைக் கோணலாக்கி, அந்தக் கோணலையே அவள் தலையில் கட்டி, கடைசியில் பாட்டையே விட வைத்தது நான்தான் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

மணிக்கூண்டு முனையில் நாம் எப்போதும் சாலையைத் தாண்டி எதிர்ப் பக்கம் நடப்போமே, ஞாபகம் இருக்கிறதா. ஏம்மா என்று நீ கேட்டால் அங்கே கடிநாய் இருக்கிறது என்பேன், நீயும் பயந்து என் கையைப் பிடித்துக்கொள்வாய். அங்கே நாயும் இல்லை பேயும் இல்லை, சிட்டு அங்கே பொத்தான் கடை வைத்திருந்தாள், இன்றும் வைத்திருக்கிறாள். உன் பள்ளிக்கூடச் சட்டையில் ஒரு பொத்தான் வெள்ளை, ஒன்று மஞ்சள், ஒன்று என் பழைய கோட்டிலிருந்து பிய்த்தது என்று இருந்ததற்கும், பையன்கள் உன்னைக் கேலி செய்ததற்கும் காரணம் இதுதான். ஊரில் நல்ல பொத்தான் கடை அது ஒன்றுதான், அந்தப் படி ஏற எனக்குத் தைரியம் இல்லை. அதற்காக இப்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நீ போன் செய்த அன்று மனசு கேட்காமல் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் பஞ்சை எடுத்துவிட்டு முழுசாகக் கேட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து சட்டைக்குப் பொத்தான் இல்லாமல் ஊசி குத்திக்கொண்டு ஆபீஸ் போனேனே, அதற்கு இதுதான் காரணமா என்றார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, வா, போகலாம் என்று கிளம்பிவிட்டார். கடை வாசலில் முழங்காலைச் சாக்குச் சொல்லி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, என்னை மட்டும் உள்ளே அனுப்பினார். பெரிய வீரர் உங்கள் அப்பா.

ஒடுக்கமான கடை, சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறை, ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே என்ன இருக்கிறதோ அந்தப் பொத்தானை ஒட்டி வைத்திருக்கிறாள். முடி இன்றும் காதுக்கு மேலேதான், வெளுத்துப்போயிருக்கிறது. அட்டையில் டஜன் டஜனாகப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சட்டைக்கு வெள்ளைப் பொத்தான் என்றேன். அவள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “எதிர்ப் பக்கமாவே போவீங்களே, அந்த அம்மாதானே நீங்க? நாப்பது வருஷமாப் பாக்குறேன், ஒரு நாள் கூட என் கடைக்கு வந்ததில்லையே” என்றாள். அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மேஜை, ஓட்டை, முந்நூறு தட்டு, டவுன் ஹால் வரைக்கும். ஊசி அப்படியே கையில் நின்றது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள், உங்களுக்கு அந்த ஆட்டம் கேட்கவே இல்லையா என்று.

கண் அசந்துவிட்டது என்கிற பழைய பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. தும்மல்காரரிடம் சொன்னது அதுதான், சற்று முன் வீட்டில் உங்கள் அப்பாவிடம் சொன்னதும் அதுதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லையடா. “கேட்டுச்சு. முதல் வரியிலேயே கேட்டுச்சு. தள்ளிடலாம்னுதான் தட்டை எடுத்தேன். ஆனா எனக்குப் பிடிச்சிருந்துச்சு. இன்னொரு வாட்டி வெச்சுக் கேட்டேன். அப்புறம் தள்ள மனசு வரலை” என்றேன். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று வருடம் அந்த மேஜையில் எத்தனையோ ஆயிரம் பாட்டு கேட்டிருக்கிறேன், வேலை என்பதை மறந்து, எனக்கே எனக்காக இரண்டாம் தடவை கேட்டது அது ஒன்றைத்தான்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ரேடியோவில் முதலில் கேட்டபோது ரேடியோதான் கெட்டுவிட்டது என்று அதன் தலையில் இரண்டு அடி போட்டாளாம். டவுன் ஹாலைப் பற்றி, அது வலித்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன் என்றாள். பாட்டை விட்டது அதனால் இல்லையாம். ஊர் ஊராகக் காரில் போக வேண்டும், வளைவுக்கு வளைவு வாந்தி, பாடுவது கால் மணி, வாந்தி எட்டு மணி நேரம், போதுமடா சாமி என்று பொத்தானுக்கு வந்துவிட்டாளாம், பொத்தான் ஓரிடத்தில் இருக்கும் என்றாள். அதற்கு முன்னால் வேறு கம்பெனியில் நேர்க் குரலில் ஒரு தட்டு போட்டிருக்கிறாள், அவளுடைய சித்தப்பாவைத் தவிர யாரும் வாங்கவில்லையாம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்போ ஊருக்கெல்லாம் முன்னாடி என் பாட்டை முதல்ல ரசிச்சவ நீதானா? அதைச் சொல்லாம எதுக்குடி இத்தனை வருஷம் எதிர்ப் பக்கம் நடந்தே?”

அப்புறம் நடந்ததை மருமகளிடம் சொல்லாதே, சிரிப்பாள். கவுண்டருக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு நாங்கள் பஸ் பாட்டைப் பாடினோம், அவள் நேராகப் பாடினாள், நான் உனக்குப் பாடினபடி ஆட்டிப் பாடினேன். ஜிப் வாங்க வந்தவர் ஜிப்பை மறந்து நின்றுவிட்டார். உங்கள் அப்பா பெஞ்சிலிருந்து ஓடிவந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார், முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. இப்போது அவர் சட்டையில் ஏழு பொத்தானும் ஒரே வெள்ளை, தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார்.

கிளம்பும்போது அவள் மெதுவாகக் கேட்டாள், அந்த ஆடுகிற தட்டு எங்கேயாவது கிடைக்குமா என்று. வந்தவன் போனவன் கேட்டான் என்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாளாம், அவளிடம் ஒன்று கூட இல்லை. நான் யோசிக்கவே இல்லை, என் மகன் கொண்டுவருவான் என்று சொல்லிவிட்டேன். எப்போது என்றாள், பேத்தியின் பள்ளிக்கூட விடுமுறைக்கு என்று அதையும் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். நீ வந்து நாலு வருடம் ஆகிறது, உனக்கு வேலை, லீவு, ஆயிரம் இருக்கும், அதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

தட்டைத் தபாலில் மட்டும் அனுப்பிவிடாதே, உடைந்துபோகும். பெட்டிக்குள்ளும் போடாதே. இரண்டு துண்டுக்கு நடுவில் வைத்து, படுக்க வைக்காமல் நிமிர்த்தி, பேத்தி மடியில் கொடுத்து உட்கார வை, அவள் பத்திரமாகப் பிடித்துக்கொள்வாள். ஓரத்தைத்தான் தொட வேண்டும், நடுவில் விரல் படக்கூடாது என்று சொல்லிக்கொடு. மருமகளை வெயிலில் அலையவிடாதே, நீயும் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடாதே, நாற்பத்தைந்து தாண்டியாயிற்று, இரத்த அழுத்தம் பார்த்துக்கொள். மூன்று பேரும் நீண்ட ஆயுளோடும் நல்ல மனசோடும் இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம்.

இந்தக் கடிதம் கிடைத்தவுடன் அந்த ரெக்கார்டின் உள்ளுறையை எடுத்து மூலையில் பார். சிவப்பு மையில் ஏழு இருந்தால் அது என் கை பட்டது, கொண்டு வா. ஏழு இல்லாவிட்டாலும் நீ வா.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா