குழாய் சுட்ட இடம்

என்னங்க,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி குறைந்ததா? கம்ப்ரஸரைத் தனியாளாகத் தூக்காதீர்கள்.

நீங்கள் ஃப்ரிட்ஜில் நிரப்பும் அதே கேஸைத்தான் நாங்கள் இங்கே ஆய்வகத்தில் திரவமாக்கி, பேனா ரீஃபில் அளவுக் குழாயில் ஓடவிட்டு, வெளியிலிருந்து சூடேற்றிக் கொதிக்க வைக்கிறோம். குமிழிக்கு உருண்டையாக இருக்க இடமில்லை. மாத்திரை மாதிரி நீண்டுகொண்டு ஓடுகிறது. அதைச் சுற்றிக் குழாய்ச் சுவரில் மெல்லிய ஈரம். அந்த ஈரம் இருக்கும்வரை குழாய் ஜில்லென்று இருக்கும். அது எங்கே காய்கிறது என்பதுதான் ஒரு மாதமாக எங்கள் தலைவலி.

நேற்று பழக்கதோஷத்தில், உங்களைப் போலவே குழாயை விரலால் தடவிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் சுரீர் என்று சுட்டுவிட்டது. சின்னக் கொப்புளம்தான், பயப்படாதீர்கள்.

"விரல் என்ன தெர்மாமீட்டராம்மா?" என்று கத்தினார் பேராசிரியர். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எந்த இடத்துல சுட்டுச்சு?" என்றார். ஈரம் காய்ந்த அந்த இடம், சூட்டை அளக்கும் இரண்டு சென்சாருக்கு நடுவே! இப்போது அங்கேயும் ஒன்று ஒட்டிவிட்டோம்.

ஒரு சின்ன வேலை. என் அறை ஃப்ரிட்ஜ் சத்தமே போடுவதில்லை. நம் வீட்டு ஃப்ரிட்ஜ் கடகடவென்று ஓடுவதை போனில் பதிந்து அனுப்புங்கள். நடுவில் நீங்கள் அதைத் திட்டினால், அதை வெட்டிவிடாதீர்கள்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள்
விரல் சுட்டுக்கொண்டவள்